சைட்டில் வேலை பின்தங்கியும் ஃபார்முலா ஏன் 'ஓகே' என்கிறது?

கேட்டவரின் நிலைமை இது. ஒரு கட்டட வேலையின் அட்டவணையை மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் வைத்திருக்கிறார். டெக்ஸ்ட்1 என்ற கஸ்டம் ஃபீல்டில் (நாமே வரையறுக்கும் நெடுவரிசை), ஃபினிஷ் தேதி பேஸ்லைன் ஃபினிஷை, அதாவது முதலில் சேமித்துவைத்த திட்டத்தின் முடிவுத் தேதியை, தாண்டினால் 'லேட்', தாண்டாவிட்டால் 'ஓகே' என்று ஃபார்முலா எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே, எத்தனை நாள் தாமதம் என்று கணக்கிட இன்னொரு ஃபீல்டு. சைட்டில் வேலை இழுத்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் முக்கால்வாசி வரிகள் 'ஓகே' என்கின்றன. நாள் கணக்கு சில வரிகளில் எர்ரர் காட்டுகிறது. பல வேலைகளைத் தொகுத்துக் காட்டும் சம்மரி வரிகள் காலியாகக் கிடக்கின்றன. 'சரியான ஃபார்முலாவைச் சொல்லுங்கள்' என்கிறார்.

ஃபார்முலாவுக்கு வருகிறேன். அதற்கு முன், அவர் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன்: ஒரு வேலை பின்தங்கியிருக்கிறது என்பது மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? பிளானிங் இன்ஜினியராகப் பல வருடங்கள் இதே வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எழுதும் எந்த ஃபார்முலாவும் பொய்தான் சொல்லும். அவர் எழுதிய ஃபார்முலாவின் இலக்கணத்தில் தப்பு இல்லை. அது ஒப்பிடும் ஃபினிஷ் தேதியில்தான் கோளாறு.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் ஃபினிஷ் என்பது இப்போதைய திட்டப்படி வேலை முடியும் தேதி. நீங்கள் ஆக்சுவல் ஸ்டார்ட் போடாமல், முன்னேற்றம் ஏற்றாமல் கோப்பை ஒரு மாதம் அப்படியே விட்டாலும் அந்தத் தேதி நகராது. போன வாரம் முடிந்திருக்க வேண்டிய வேலை பூஜ்யம் சதவீதத்தில் நின்றாலும், அதன் ஃபினிஷ் போன வாரத் தேதியாகவே இருக்கும், பேஸ்லைன் ஃபினிஷும் அதேதான். இரண்டும் சமம், ஆகவே 'ஓகே'. நடக்காத வேலை இறந்தகாலத்தில் உட்கார்ந்திருப்பதை இந்த மென்பொருள் தானாகத் தள்ளிவைப்பதில்லை. ப்ரைமவேரா பி6 என்ற இன்னொரு திட்டமிடல் மென்பொருளில் பழகியவர்கள் இங்கே வந்ததும் தடுமாறுவது இதில்தான். அங்கே டேட்டா டேட்டை (நிலவரம் எந்தத் தேதிக்கு என்பதை) மாற்றி எஃப்9 அழுத்தினால் மீதி வேலை அந்தத் தேதிக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிடும். இங்கே அதை நாம் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

ஒரு வரியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் தளத்து ஸ்லாப்புக்கு ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்ற அச்சு அமைக்கும் வேலை), 12 வேலை நாள். 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை தொடக்கம். நம் ஊர் சைட்டில் சனிக்கிழமையும் வேலை உண்டு, ஞாயிறு மட்டும் விடுமுறை, பொங்கலுக்கு 15, 16, 17 மூன்று நாளும் ஆள் வர மாட்டார்கள். இந்தக் காலண்டர்படி 5 முதல் 10 வரை ஆறு நாள், 12 முதல் 14 வரை மூன்று நாள், பொங்கல் முடிந்து 19, 20, 21 மூன்று நாள். பேஸ்லைன் ஃபினிஷ் ஜனவரி 21. இப்போது ஸ்டேட்டஸ் டேட், அதாவது நிலவரம் எடுத்த நேரம், ஜனவரி 14 மாலை, வேலை 60 சதவீதம் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் போய்விட்டது, ஆகவே 75 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 15 சதவீதம் குறைவு, அதாவது 1.8 நாள் பின்தங்கல். ஆனால் 60 என்று ஏற்றிய பிறகும் ஃபினிஷ் ஜனவரி 21 ஆகவே நிற்கும். ஃபினிஷ் வேரியன்ஸ் (ஃபினிஷுக்கும் பேஸ்லைன் ஃபினிஷுக்கும் உள்ள இடைவெளி) பூஜ்யம் என்றே வரும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழியில் ஃபார்முலாவைத் தொடவே வேண்டாம். ப்ராஜெக்ட் டேபில் அப்டேட் ப்ராஜெக்ட் என்று இருக்கும். அதில், முடியாத வேலையை இந்தத் தேதிக்குப் பின் தொடங்குமாறு மாற்றியமை என்ற தேர்வு உண்டு. ஜனவரி 14 என்று கொடுத்து ஓட்டினால், மீதி 4.8 நாள் வேலை பொங்கலுக்குப் பிறகு 19ஆம் தேதி தொடங்கி 23ஆம் தேதிக்குப் போய்விடும். ஃபினிஷ் வேரியன்ஸ் 1.8 நாள் என்று காட்டும், கையால் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போகும். இந்த வேலையை நம்பியிருக்கும் கம்பி கட்டும் வேலை, கான்கிரீட் வேலை எல்லாம் கூடவே தள்ளிப்போகும். அதன் பிறகு கேட்டவர் எழுதிய பழைய ஃபார்முலாவே சரியாக 'லேட்' என்று சொல்லும். ஷெட்யூல் ஆப்ஷன்களில், நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பிரிக்க அனுமதிக்கும் தேர்வு டிக் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும் வேலைகள் நகராது.

என் பரிந்துரை இந்த வழிதான். வாராவாரம் முன்னேற்றம் ஏற்றி, மீதி வேலையைத் தள்ளி, அதன் பிறகு ஒப்பிடுங்கள். ஃபார்முலா எவ்வளவு எளிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அடுத்தவர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் எல்லா இடத்திலும் இது முடியாது. சில கிளையன்ட்கள் ஒப்புக்கொண்ட தேதிகளை அசைக்க விட மாட்டார்கள். சில கோப்புகளில் வேலைகளுக்கு இடையே இணைப்பே சரியாக இருக்காது, தள்ளினால் எங்கெங்கோ போய் நிற்கும். அந்த மாதிரி இடத்துக்கு இரண்டாவது வழி: இந்தத் தேதியில் எவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்று பேஸ்லைனிலிருந்து கணக்கிட்டு, எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதோடு ஒப்பிடுவது. கஸ்டம் ஃபார்முலாவுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

முதலில் டெக்ஸ்ட் ஃபீல்டை விட்டுவிட்டு நம்பர் ஃபீல்டு ஒன்றை எடுங்கள். நம்பர்1 முதல் நம்பர்20 வரை இருக்கிறது, பஞ்சமில்லை. நிலையை எண்ணாகச் சொல்லுங்கள்: பேஸ்லைன் இல்லாவிட்டால் 0, முடிந்துவிட்டால் 1, தொடங்கும் நேரம் வராவிட்டால் 2, சரியாகப் போனால் 3, பின்தங்கினால் 4, பேஸ்லைன் ஃபினிஷ் கடந்தும் முடியாவிட்டால் 5. நிலைமை மோசமாக மோசமாக எண் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சம்மரி வரிக்கு அது தேவைப்படும்.

ஃபார்முலாவை ஸ்விட்ச் ஃபங்ஷனால் எழுதுங்கள். ஐஐஎஃப்பை (நிபந்தனை உண்மையானால் ஒரு விடை, இல்லாவிட்டால் இன்னொன்று தரும் ஃபங்ஷன்) ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து அடுக்கு போட்டால் அடைப்புக்குறி எண்ணியே மாலையாகிவிடும். ஸ்விட்ச்சில் நிபந்தனையும் விடையும் ஜோடி ஜோடியாக வரும், முதலில் உண்மையாகும் நிபந்தனையின் விடை கிடைக்கும். ஆகவே வரிசைதான் இங்கே எல்லாம். முதல் ஜோடி: பேஸ்லைன் ஃபினிஷ், ப்ராஜ்டேட்வேல்யூ ஃபங்ஷனுக்குள் மேற்கோள் குறியில் 'என்ஏ' (தேதி இல்லை என்பதன் குறி) என்று கொடுத்தால் வரும் மதிப்புக்குச் சமமா? அப்படியானால் 0. இரண்டாவது: பர்சென்ட் கம்ப்ளீட் 100 ஆ? 1. மூன்றாவது: பேஸ்லைன் ஸ்டார்ட், ஸ்டேட்டஸ் டேட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? 2. நான்காவது: பேஸ்லைன் ஃபினிஷ், ஸ்டேட்டஸ் டேட்டுக்கு முன்னால் அல்லது அதே நேரத்தில் இருக்கிறதா? 5. ஐந்தாவது: முடிந்த சதவீதத்தைப் பேஸ்லைன் டியூரேஷனால் பெருக்கினால் வருவது, கழிந்த வேலை நேரத்தை 100ஆல் பெருக்கினால் வருவதற்குக் குறையாமல் இருக்கிறதா? 3. கடைசி ஜோடியில் நிபந்தனையாக வெறுமனே ட்ரூ என்று எழுதி 4 கொடுங்கள். எதிலும் சேராத வரி அதில் வந்து விழும்.

ஐந்தாவது ஜோடியில் ஏன் பெருக்கல் என்று கேட்கலாம். கழிந்த நேரத்தைப் பேஸ்லைன் டியூரேஷனால் வகுத்து எதிர்பார்க்கும் சதவீதம் எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஒரு கட்டத்தைக் குறிக்க மட்டும் வைக்கும் மைல்ஸ்டோனின் டியூரேஷன் பூஜ்யம், அங்கே வகுத்தால் எர்ரர். இரண்டு பக்கமும் பெருக்கி ஒப்பிட்டால் அந்த வம்பு இல்லை. மைல்ஸ்டோனுக்குத் தொடக்கமும் முடிவும் ஒன்றே என்பதால் அது மூன்றாவது, நான்காவது ஜோடிகளிலேயே தீர்ந்தும் விடும். நம் ஷட்டரிங் வரியில் இந்தக் கணக்கைப் போட்டால் 60ஐ 5,760ஆல் பெருக்க 3,45,600. 100ஐ 4,320ஆல் பெருக்க 4,32,000. முதலாவது குறைவு, ஆகவே விடை 4.

அந்த 5,760 எங்கிருந்து வந்தது? ப்ராஜெக்ட் எல்லா டியூரேஷனையும் உள்ளுக்குள் நிமிடமாகவே வைத்திருக்கிறது. திரையில் 12 நாள் என்று தெரிவது ஃபார்முலாவுக்குள் 5,760 நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் 480 வீதம். நாள் கணக்கு வேண்டுமென்றால் 480ஆல் வகுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற அமைப்பு மாறாத வரை அது சரி. ஒன்பது மணி நேரம் வேலை நடக்கும் இடத்தில் அமைப்பை மாற்றியிருந்தால் தப்பாகிவிடும். மினிட்ஸ் பெர் டே என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது, அதனால் வகுத்தால் அமைப்பு மாறினாலும் கணக்கும் கூடவே மாறும்.

கழிந்த வேலை நேரத்தை எடுக்க ப்ராஜ்டேட்டிஃப் ஃபங்ஷன். பேஸ்லைன் ஸ்டார்ட் முதலில், ஸ்டேட்டஸ் டேட் இரண்டாவது, காலண்டரின் பெயர் மேற்கோள் குறிக்குள் மூன்றாவது. விடை நிமிடத்தில் வரும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ஃபார்முலாக்களை நம்மவர்கள் ஒட்டிப்போடும்போது பெரும்பாலும் கெடுவது இந்த இடம்தான். அதே ஷட்டரிங் வரியில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றை வெறுமனே கழித்தால் ஞாயிறும் பொங்கலும் இரவும் சேர்ந்து எண்ணப்படும். 5ஆம் தேதி காலை 8 மணி முதல் 14ஆம் தேதி மாலை 5 மணி வரை 9.375 நாள். 21ஆம் தேதி மாலை வரை 16.375 நாள். எதிர்பார்ப்பு 57 சதவீதம், நம் 60 சதவீதம் அதைத் தாண்டிவிட்டதாகப் பச்சை விளக்கு எரியும். மென்பொருளோடு வரும் ஸ்டாண்டர்டு காலண்டரை மாற்றாமல் பயன்படுத்தினால் சனியும் விடுமுறை, பொங்கல் விடுமுறை இல்லை. பதின்மூன்று நாளில் எட்டு, 62 சதவீதம் என்று வரும். சைட் காலண்டரோ 75 என்கிறது. வேலையும் ஒன்று, தேதியும் ஒன்று, விடை மட்டும் மூன்று. காலண்டரைச் சரியாக அமைக்காமல் ஃபார்முலாவில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் பலனில்லை. தமிழ்நாட்டு சைட் என்றால் சனி வேலை நாள், தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை எல்லாம் முதலில் காலண்டரில் ஏற வேண்டும்.

ஸ்டேட்டஸ் டேட் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ராஜெக்ட் இன்ஃபர்மேஷன் பெட்டியில் அதை நாமே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அதுவும் என்ஏ, ஃபார்முலா முழுதும் குழம்பிவிடும். இதற்குப் பயந்து பலர் இந்த நேரத்தைத் தரும் நௌ ஃபங்ஷனையோ கரன்ட் டேட்டையோ பயன்படுத்துகிறார்கள். சைட் இன்ஜினியர் சனிக்கிழமை மாலை நிலவரத்தை அனுப்புகிறார், நீங்கள் செவ்வாய்க்கிழமை அறிக்கை எடுக்கிறீர்கள். நௌ என்று எழுதியிருந்தால், திங்களும் செவ்வாயும் வேலையே நடக்காதது போல எல்லோருடைய வேலையும் பின்தங்கியதாகக் காட்டும். சைட்டில் இருப்பவர் மனம் நொந்துபோவார், அதில் நியாயமும் இருக்கிறது. நிலவரம் எந்தத் தேதிக்கு உரியதோ அந்தத் தேதிதான் ஸ்டேட்டஸ் டேட்.

எர்ரருக்கு வருவோம். பேஸ்லைன் சேமித்த பிறகு சேர்த்த வேலைகளுக்குப் பேஸ்லைன் தேதி கிடையாது, என்ஏ என்றே இருக்கும். அதை வைத்துக் கழித்தல் கணக்குப் போடப் போனால் எர்ரர் வரும். இதைவிட ஆபத்தானது எர்ரர் வராத இடம். ஃபினிஷ் பெரிதா என்ற ஒப்பீட்டில், என்ஏ உள்ளுக்குள் மிகப் பெரிய எண்ணாக நிற்பதால் எந்தத் தேதியும் அதைத் தாண்டாது. பேஸ்லைனே இல்லாத வேலை சத்தமில்லாமல் 'ஓகே' ஆகிவிடும். கேட்டவரின் கோப்பில் உள்ள 'ஓகே'க்களில் சில இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் ஜோடியை அதனால்தான் முதலில் வைத்தேன். நாள் கணக்குப் போடும் ஃபீல்டுக்கும் இதே காவல் வேண்டும்.

தேதிக்குள் நேரமும் ஒளிந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். திரையில் இரண்டும் ஜனவரி 21 என்று தெரியும், ஒன்று மாலை 5 மணி, இன்னொன்று பிற்பகல் 3 மணி என்று இருக்கும். ஒப்பீடு விநோதமாக நடந்தால் ஆப்ஷன்களில் தேதி வடிவத்தை நேரத்தோடு காட்டும்படி மாற்றிப் பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழும். நேரம் வேண்டாமென்றால் டேட்வேல்யூ ஃபங்ஷனால் வெட்டிவிடலாம்.

சம்மரி வரி காலியாக இருப்பதற்குக் காரணம் எளிது. கஸ்டம் ஃபீல்ட்ஸ் பெட்டியில், சம்மரி வரிகளுக்கான கணக்கு என்ற பகுதி 'None' (எதுவுமில்லை) என்று இருக்கும். யூஸ் ஃபார்முலா என்று மாற்றினால் நிரம்பிவிடும், ஆனால் அதைச் செய்யாதீர்கள். சம்மரியின் பேஸ்லைன் டியூரேஷன், முதல் வேலை தொடங்குவதிலிருந்து கடைசி வேலை முடியும் வரை உள்ள நீளம். அதன் பர்சென்ட் கம்ப்ளீட்டோ உள்ளே இருக்கும் வேலைகளின் டியூரேஷன்களைக் கூட்டி எடுப்பது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல், ஒப்பிட்டால் அர்த்தம் இருக்காது. அதற்குப் பதில் ரோலப் (உள்ளே இருக்கும் வரிகளின் மதிப்பை மேலே கொண்டுவருவது) என்று எடுத்து மேக்ஸிமம் வையுங்கள். உள்ளே ஒரு வேலை 5 ஆனால் தளத்தின் வரியும் 5, கட்டடத்தின் வரியும் 5. டெக்ஸ்ட் ஃபீல்டில் ரோலப் கிடையாது, நம்பர் எடுக்கச் சொன்னதற்கு இதுவே காரணம். கிராஃபிகல் இண்டிகேட்டர்ஸில் 5க்குச் சிவப்பு, 4க்கு மஞ்சள் என்று கொடுத்து, சம்மரி வரிகளும் அதே விதிகளை எடுத்துக்கொள்ளும்படி டிக் செய்துவிட்டால் படிப்பவர் எண்ணையே பார்க்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதில் பேஸ்லைன், காலண்டர், நிமிடக் கணக்கு, வரிசை எல்லாம் உறுதியானவை. இனி சொல்வது அவ்வளவு உறுதியில்லாதது. பன்னிரண்டு நாள் வேலை நாளுக்கு நாள் சமமாக நகரும் என்று இந்த ஃபார்முலா எடுத்துக்கொள்கிறது. ஷட்டரிங்கில் முதல் இரண்டு நாள் பொருள் இறக்கவும் லெவல் பார்க்கவும் போய்விடும், கடைசியில் வேகம் பிடிக்கும். ஆரம்பத்தில் 4 என்று காட்டினால் அது எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்பு இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஓடும் வேலைகளில் இந்தப் பிசகு பெரிதாகும். அவற்றை உடைத்து இரண்டு வாரத்துக்கு மிகாத துண்டுகளாக்குவது ஃபார்முலாவைச் செப்பனிடுவதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சதவீதமே எந்தச் சதவீதம் என்பதும் கேள்விதான். பர்சென்ட் கம்ப்ளீட் என்பது டியூரேஷனில் எவ்வளவு கழிந்தது என்பது. சைட்டில் அளப்பது சதுர மீட்டர். அளந்து எடுத்த முன்னேற்றத்தை ஃபிசிகல் பர்சென்ட் கம்ப்ளீட் ஃபீல்டில் தனியாக ஏற்றி, ஐந்தாவது ஜோடியில் அதைப் பயன்படுத்தினால் விடை நிஜத்துக்கு நெருங்கும். ஆனால் இரண்டையும் ஏற்றும் பொறுமை உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அரைகுறையாக ஏற்றினால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகி நிற்கும்.

1.8 நாள் பின்தங்கல் பெரிதா சிறிதா? பத்து சதவீதம் வரை பொறுக்கலாம் என்பது போன்ற வரம்புகளை எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நாள் வேலையில் பத்து சதவீதம் ஒன்றுமில்லை, அறுபது நாள் வேலையில் ஆறு நாள். பின்தங்கிய நிமிடங்களை டோட்டல் ஸ்லாக்கோடு (திட்டத்தின் முடிவைத் தள்ளாமல் இந்த வேலை எவ்வளவு தாமதமாகலாம் என்ற அவகாசம்) ஒப்பிடுவது நியாயமான அளவு. ஸ்லாக்கும் நிமிடத்திலேயே வரும். ஸ்லாக்குக்குள் அடங்கினால் மஞ்சள், மீறினால் சிவப்பு. ஆனால் மீதி வேலையைத் தள்ளிவைத்த கோப்பில் இப்படி ஒப்பிடாதீர்கள். தள்ளியபோதே ஸ்லாக் குறைந்திருக்கும், மறுபடி கழித்தால் ஒரே தாமதத்தை இரண்டு முறை எண்ணியதாகும். அங்கே ஒப்படைக்கும் மைல்ஸ்டோனுக்கு டெட்லைன் தேதி கொடுத்துவிட்டு, ஸ்லாக் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று பார்த்தால் போதும். இணைப்பு இல்லாத வேலைகளின் ஸ்லாக்கை எந்தக் கோப்பிலும் நம்ப வேண்டாம். அவை திட்டத்தின் கடைசி நாள் வரை அவகாசம் இருப்பதாகவே சொல்லும்.

இந்த ஃபார்முலாக்கள் எட்டாத இடமும் உண்டு. ஒரு வரியின் ஃபார்முலா அதே வரியின் ஃபீல்டுகளை மட்டுமே பார்க்கும். முந்தைய வேலை தாமதமானதால் இது தாமதமா என்று கேட்க முடியாது. அதற்கு விபிஏ மேக்ரோ என்ற சிறு நிரல் எழுத வேண்டும். ஃபார்முலாவின் விடையை ஸ்டார்ட், ஃபினிஷ் தேதிகளுக்குள் எழுதவும் முடியாது. நான் சொன்னதெல்லாம் கணினியில் நிறுவும் டெஸ்க்டாப் பதிப்புக்கு. ஸ்மார்ட்ஷீட் போன்றவற்றில் நெட்வொர்க்டேஸ் ஃபங்ஷனை வைத்து இதே தர்க்கத்தை எழுதலாம், ஆனால் எழுதும் முறை வேறு.

பெரிய கோப்பில் போடுவதற்கு முன் காலிக் கோப்பு ஒன்றில் ஆறு வரி போட்டுப் பாருங்கள்: முடிந்தது, இன்னும் தொடங்க வேண்டாதது, நேரத்துக்குப் போவது, பின்தங்கியது, கெடு தாண்டியது, பேஸ்லைன் இல்லாதது. கூட ஒரு மைல்ஸ்டோனும். ஒவ்வொன்றுக்கும் விடையைக் கையால் முதலில் எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒத்துவந்த பிறகு ஆர்கனைசர் வழியாக அந்த ஃபீல்டை மட்டும் உங்கள் கோப்புக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். ஏதாவது வரியில் விடை மாறி வந்தால் அந்த வரியின் பேஸ்லைன் தேதிகள், ஸ்டேட்டஸ் டேட், காலண்டர் பெயர் மூன்றையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.